நம்பரைச் சொல்லிப் பிடி

"நான் அ-அ-அவரிட்டை..."

"அவரிட்டை நீயே சொல்லுறன் எண்டுறியோ? நீ எங்கை சொல்லப்போறாய், நான்தான்..."

"இ-இல்லை, சொ-சொல்ல..."

"சொல்லத்தான் வேணும்! கோச்சுக்கு ஒரு போன் அடிச்சா முடியிற அலுவல். சேர், என்ரை தம்பிக்குக் கொன்னை, அவனை நம்பர் சொல்லச் சொல்லாதேங்கோ எண்டால்..."

"வாயை மூடன் அக்கா!"

அந்த மூன்று சொல்லும் ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்து விழுந்தன. கோபம் வந்தால் டினோஜனுக்கு நாக்கு நேராகிவிடும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கோயிலில் பாடும்போதும் அப்படித்தான். மற்ற நேரங்களில் அவன் ஒரு வசனத்தைத் தொடங்குவான், அக்கா சஜிதா முடித்துவைப்பாள்.

"ரெண்டு பேரும் வெளியிலை போய்ச் சண்டை பிடியுங்கோ. மன்னாருக்கு லைன் கிடைச்சிருக்கு," என்றாள் தாய் திரேசம்மா, ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டிய கையோடு. பிறந்த நாட்டில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே இருக்கும் தன் தமக்கையோடு கதைக்கும்போதெல்லாம் மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி சொல்லி அனுப்புவாள். இந்த முறை நேர்த்தி மகனின் பந்துக்கு.

டினோஜன் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். இந்த நாட்டுப் புட்போல் விளையாடுகிறான், காலால் உதைப்பதைவிடக் கையால் பிடிப்பது கூடின புட்போல். தூர ஓடிப்போய், எறிகிற பந்தைப் பிடிப்பது அவன் வேலை. இரண்டு வருடமாக அவன் பிடித்தது இறங்காதவர்கள் குந்தியிருக்கிற மைதான ஓரத்து வாங்கில் ஓர் இடம் மட்டும்தான்.

இந்த வருடம் புதுக் கோச் வந்தார். வந்ததும், பிடிக்கிற பெடியன்கள் ஏன் பந்தை நழுவ விடுகிறார்கள் என்று உற்றுப் பார்த்தார். பந்து கைக்கு வருமுன்னரே கண் விலகிவிடுகிறது. இடிக்க யார் வருகிறான் என்று பார்க்கிற பயம். அதற்கு அவர் ஒரு மருந்து கண்டுபிடித்தார். ஒவ்வொரு பந்திலும் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு நம்பர். பிடிக்கிறவன் பிடிக்கிற அந்தக் கணத்தில் நம்பரைப் பலத்துச் சொல்ல வேண்டும். நம்பரை வாசிக்க வேண்டுமென்றால் கண் கடைசிவரை பந்தில் நிற்கத்தானே வேண்டும்? நல்ல மருந்து. கொஞ்ச நாளில் எல்லாருடைய கையும் தேறியது.

டினோஜனின் கைதான் கெட்டது. நம்பர் கண்ணுக்குத் தெரியும். வாய்க்கு வராது. நாக்கு சிக்குப்பட்ட அதே கணத்தில் விரல்களும் விறைத்துவிடும். பந்து நெஞ்சில் இடித்துக் கீழே விழும்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அணியில் ஒருத்தருக்கும் அவனுக்குத் திக்கும் என்று தெரியாது. தலையை ஆட்டுவான், ஒரு பக்கத்தால் சிரிப்பான், புருவத்தை உயர்த்துவான். அது அவனுடைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். 'பிரின்ஸ்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவனுக்குக் கிடைத்த நல்ல பெயர் அது ஒன்றுதான். அதைத் தொலைக்க அவனுக்கு மனமில்லை. ஆனால் வியாழக்கிழமைப் பயிற்சியில் அவனா மார்க் என்கிற நெட்டையனா என்று கோச் முடிவெடுக்கப் போகிறார். யார் குறைவாக நழுவ விடுகிறானோ அவன் சனிக்கிழமைப் போட்டியில் இறங்குவான்.

"சரி, போன் அடிக்கேல்லை," என்றாள் சஜிதா படியிறங்கி வந்து. "அப்ப என்ன செய்யப்போறாய்?"

"நீ எ-எறி. நான் சொ-சொல்லிப் ப-ப..."

"பழகப்போறாய். வா."

அவளுக்கு அவன் எப்போதும் பாதி வசனம்தான். முதல் பாவசங்கீர்த்தனத்தன்று தம்பி கூண்டுக்குள் போய் நெடுநேரமாக வெளியே வராததால், திரையை விலக்கி, "சுவாமி, அவன் பொய் சொன்னவன், தங்கச்சி முறைப் பிள்ளையின்ரை டொபி களவெடுத்தவன், அவ்வளவுதான்," என்று அவனுடைய பாவங்களைத் தானே ஒப்புவித்தவள். பங்குச் சனம் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். இப்போது அவளுக்கு டவுன்டவுனில் ஒரு கோல் சென்ரரில் வேலை. மூன்று மொழியில் வாய் ஓயாது.

வீட்டுக்குக் கிட்ட, ரொக்ஸ்பரோ ஸ்ரேசனுக்குப் பின்னால் உள்ள பார்க்கில், அவன் பயிற்சியிலிருந்து இரவல் கொண்டுவந்த நம்பர்ப் பந்துகளை எறிந்தாள். முதலில் பந்து செத்த கோழிபோல உருண்டு உருண்டு போனது.

"அ-அக்கா, அது பு-புட்போல்."

"பின்னை என்ன, பூசணிக்காயே? பிடி!"

பந்து வந்தது. அதில் நம்பர் இரண்டு. டினோஜனின் உதடு குவிந்தது, இமை படபடத்தது. பந்து விழுந்தது.

"கோயில்லை பாடேக்கை உனக்குத் திக்காதே. பாடிப் பிடியன்."

பூசையில் பாடுகிற இராகத்தில் அவன் "டே...எ...எ...என்" என்று இழுத்துக்கொண்டே பத்தாம் நம்பர்ப் பந்தைப் பிடித்தான். இரண்டு பேரும் புல்லில் இருந்து வயிறு நோகச் சிரித்தார்கள்.

"சனிக்கிழமை ஸ்ரேடியம் முழுக்க ஆமென் சொல்லும்," என்றாள்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். குளிர் ஏறியது. அவன் விட்டான், திரும்பவும் விட்டான், அவள் ஓடிப்போய்ப் பொறுக்கினாள். விரல் நுனி மரத்துப்போனது. பந்தைத் தூக்கினாள், பொறுமை கழன்றது.

"ட்-ட்-ட்-டூ! சொல்லித் துலையன்ரா! ட்-ட்-டூ!"

உதட்டைக் குவித்து, இமையை அடித்து, கழுத்தை ஒருபக்கம் இழுத்து, அச்சொட்டாக அவனேதான். பள்ளிக்கூடத்தில் அவனை அப்படிப் பழித்துக் காட்டிய பெடியன்களின் தலைமயிரைப் பிடித்து ஆட்டியவள் அவள். ஆனால் அந்த முகத்தை அவளைவிடக் கூடுதலாகப் பார்த்து வைத்திருந்தவர் வேறு யார்?

டினோஜன் அவளைப் பார்த்தான். முகம் கறுத்தது. அவள் அடுத்த நம்பர்ப் பந்தை எறிந்தாள்.

"செவின்!"

பந்து கைக்குள்ளே அமர்ந்தது. சொல்லிலும் ஒரு கீறல் இல்லை.

"பாத்தியே! பாத்தியே!" அவள் துள்ளினாள். "இன்னொருக்கா. ட்-ட்-டெ..."

"டென்!"

"ஐயோ பாவம், பெ-பெ-பெரிய பிரின்ஸாம்!"

"த்ரீ!"

சொல்லக் கூடாதுதான், ஆனால் அவளுக்கு அது இனித்தது. எத்தனையோ வருடம் பொறுமையாய் முடித்துவைத்த வசனங்களுக்கெல்லாம் வட்டியோடு வாங்குவதுபோல இருந்தது. இருட்டும்வரை பழித்தாள். அவன் பிடித்தான். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவன் வாய் திறந்தான்.

"இ-இஞ்சை மட்டும். அங்கை நீ வ-வராதை."

"வரேல்லை."

"ச-சத்தியம்?"

"மடு மாதா சத்தியம். போதுமே?"

வியாழக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தவளுக்குக் கால் ஸ்ரேசன் பக்கம் திரும்பவில்லை. மலையடிவாரத்துப் பல்கலைக்கழக மைதானம் பக்கம் திரும்பியது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் அது வந்ததாகுமோ? மரத்தின் பின்னால் நின்றாள்.

நெட்டையன் மார்க் ஓடினான். "எய்ட்!" பிடித்தான். "ஃபோர்!" பிடித்தான். டினோஜன் ஓடினான். "ஒன்!" பிடித்தான். சஜிதா மாதாவை நினைத்துக்கொண்டாள். அடுத்த பந்து வந்தது. உதடு குவிவதை அவள் தூரத்திலிருந்தே கண்டாள். பந்து விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. கோச் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு மார்க்கைப் பார்த்தார்.

எறிகிறவன் கையை ஓங்கிவிட்டான். சஜிதா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ட்-ட்-ட்-டூ! ஒரு நம்பர் சொல்லத் தெரியாத திக்குவாயா! ட்-ட்-டினோஜன்!"

அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நாள் முழுக்க ஆங்கிலம் பேசிய வாய், தமிழுக்குத் திரும்ப மறந்துவிட்டது. மைதானத்தில் அத்தனை தலையும் திரும்பின. டினோஜனின் தலை மட்டும் திரும்பவில்லை.

"நைன்!"

பந்து அவன் கையில் இருந்தது.

கோச் வேலியடிக்கு வந்தார்.

"நீங்கள் யார்?"

"அக்கா."

"அவனுக்குத் திக்குமா?"

"சின்னனிலையிருந்தே." அவள் வாய் முந்திக்கொண்டது. "வெக்கத்திலை உங்களுக்குச் சொல்லேல்லை. ஆனா கோபம் வந்தால் திக்காது. அப்பிடிப் பழிச்சுப் பழிச்சுத்தான் நான் பழக்கினனான்."

கோச் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். "எதிரணிக்காரன் கண்டுபிடிச்சால் இதைத்தானே செய்வான்? அவனுக்கு முதல் நாங்கள் செய்வோம்." திரும்பிப் பெடியன்களைக் கூப்பிட்டார். "எல்லாரும்! அவனுக்குப் பந்து போகேக்கை அந்தப் பெண் செய்ததைச் செய்யுங்கள்!"

முதலில் ஒருவரை ஒருவர் பார்த்து நெளிந்தார்கள். பிறகு ஒருவன் "ட்-ட்" என்றான். இன்னொருவன் இமையை அடித்தான். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க அதுதான் சத்தம். டினோஜன் ஓடினான், திரும்பினான், நம்பரைச் சொன்னான், பிடித்தான். ஒன்றையும் விடவில்லை. எல்லாரையும்விட நன்றாகப் பழித்தது மார்க். பழிக்கிற கவனத்தில் தன் பந்து ஒன்றைக் கோட்டைவிட்டான்.

"சனிக்கிழமை டினோஜன்," என்றார் கோச். சஜிதாவின் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் நன்றி சொல்லி, "மெர்சி, மேடம்! ஒவ்வொரு வியாழனும் வாங்கோ!" என்றார்.

சஜிதாவுக்குப் பூரிப்பில் கண் கலங்கியது. பெடியன்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு போகையில் ஒவ்வொருவனாக அவன் முதுகில் தட்டினார்கள். ஒருத்தன் முகத்திலும் வஞ்சகமில்லை. மார்க் கட்டிப்பிடித்தே சொன்னான்: "குட் நைற், ப்-ப்-பிரின்ஸ்!"

டினோஜன் தலையை ஆட்டினான். ஒரு பக்கத்தால் சிரித்தான். அதுவும் இனி ஸ்டைல் இல்லை. ஏன் பேசாமல் சிரிக்கிறான் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

ரொக்ஸ்பரோ ரெயினில் சஜிதா செல்போனைத் திறந்தாள்.

"அம்மா, அவனுக்குத்தான்! ஓமம்மா, ஒண்டும் விடேல்லை! அழாதேங்கோ, இந்தா அவனிட்டைக் குடுக்கிறன்."

போனை நீட்டினாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெயின் இன்னும் புறப்படவில்லை, வெளியே ஸ்ரேசனின் வெறுஞ்சுவர். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. போனுக்குள் தாயின் குரல் "தம்பி, தம்பி" என்று கீச்சிட்டது.

"களைச்சுப்போனான் அம்மா. பேந்து கதைப்பான்." போனை மூடினாள்.

"சரி, சத்தியத்தை முறிச்சனான்தான். அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை."

ரெயின் புறப்பட்டு மலைக்குக் கீழே சுரங்கத்துக்குள் சத்தத்தோடு புகுந்தது.

"அவங்கள் அன்பிலைதான் சொல்லுறாங்கள். பகிடி. ரெண்டு நாளிலை மறந்துபோவாங்கள்."

அவன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டான்.

"ரெண்டு வருஷமா வாங்கு தேய இருந்தனீ. சனிக்கிழமை நீ இறங்கப்போறாய், அம்மா மெழுகுதிரி வாங்கப்போறா, நீ என்னடா எண்டால் செத்தவீட்டுக்குப் போறவன் மாதிரி."

அவள் அவன் தோளில் தட்டினாள். ஏசினாலும் பரவாயில்லை, வாயை மூடன் அக்கா என்று ஒருக்கால் கத்தினாலும் போதும். எதிர் சீற்றிலிருந்த கிழவி ஒருத்தி பத்திரிகையை இறக்கி இவர்களைப் பார்த்தாள். அவனைக் கதைக்க வைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. உதட்டைக் குவித்தாள், இமையை அடித்தாள், கழுத்தை ஒருபக்கம் இழுத்தாள்.

"ச்-ச்-சொல்லன்ரா தம்பி, நான் க்-க்-கத்தாட்டி நீ பிடிச்சிருப்பியே?"