தண்ணீர் ஊற்றாத உடம்பு

ஓசூரில் திம்மப்பனோடு ஒரே அறையில் இருந்த தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அம்மை போட்டது. அவனை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அம்மை கண்ட அறையிலிருந்து பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகக் கூடாது. ராயக்கோட்டையில் தாய்வீட்டில் இருந்த மனைவியையும் புதிதாய்ப் பிறந்த மகளையும் பார்க்க வழியில்லாமல், திம்மப்பன் தனியாகப் பொங்கித் தின்று காத்திருந்தான்.

பெங்களூர் ஆராய்ச்சி டாக்டர் ஒருவர், அம்மை கண்டவர்களோடு இருந்தும் தங்களுக்கு வராமல் நன்றாக இருந்தவர்களிடம் ரத்தம் எடுத்துப் போயிருந்தார்; திம்மப்பனும் கொடுத்திருந்தான். திரும்பி வந்தபோது சொன்னார்: "உன் ரத்தத்துல நோயை எதிர்க்கிற டி அணுக்களுக்கு இந்த வைரஸை ஏற்கெனவே தெரியும். சின்ன வயசுல வெளியே தெரியாம வந்து போயிருக்கு. இனி உனக்கும் வராது, உன்னால குழந்தைக்கும் வராது. போய்ப் பாரு."

அன்றைக்கே பஸ் ஏறினான். வாசலில் மறித்த மாமியார் நாராயணம்மாவிடம் எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொன்னான்.

"அப்ப அம்மா உங்க ஒடம்புல எறங்கியிருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்தினாங்களா மாப்ளே?"

"ஒரு முத்துகூடப் போடலையே அத்தே. எதுக்கு ஊத்துவாங்க?"

"ஊத்தலைன்னா அவ இன்னும் போகலை."

"அப்ப இப்ப ஊத்துங்க."

"முத்து எறங்கினப்புறம்தான் ஊத்தணும். முத்தே இல்லாத ஒடம்புக்கு எந்த நாளைப் பாத்து ஊத்தறது? உள்ள பச்சை ஒடம்புக்காரி இருக்கா, கோவிச்சுக்காதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குழந்தை அழுதது. மகளின் குரலை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. அழுகை அடங்கும்வரை தெருவிலேயே நின்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.