மாவு படியும் வரிசை

"மருந்து எங்கம்மா?"

வசந்தகுமார் கேட்டான். நேசமணி பேத்தியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை. காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. சபைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டாள்.

ஃப்ரிட்ஜின் மேல் எப்போதும் இருக்கும் சிரப் பாட்டிலைக் காணவில்லை. வசந்தகுமார் ஃப்ரிட்ஜை இழுத்துப் பின்னாலும் பார்த்துவிட்டான்.

"எட்டு மணிக்குக் குடுக்கணும். ஒரு வேளகூட விடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா."

"எம் பைக்குள்ள இருக்கு." பைபிள் பை ஜிப் போட்டபடி அவள் மடியோரம் கிடந்தது. "இன்னைக்கு அப்பம் குடுக்க ஞாயிறு. பாஸ்டர் ஐயா புள்ளைக்கு எண்ண பூசி ஜெபிக்கேன்னு சொல்லியிருக்காவ. மருந்த விட்டாத்தான் ஜெபம். ஒரு வேளதானல."

"ராஜியும் ஒரு வேளன்னுதான் ஆரம்பிச்சிருப்பா."

சீப்பு நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"அப்பா, மீட்டாவாலா தவா?" என்றாள் பெனினா. இனிப்பு மருந்தைத்தான் கேட்டாள். நாலு வயது. வெளிமாநிலத்தில் பிறந்தவள்; வீட்டுக்குள் மட்டும் தமிழ், அதுவும் பாதி இந்தி.

பையைப் பிடுங்கியிருக்கலாம். அதற்கு அம்மாவின் கையை முறுக்க வேண்டும். மனைவி ராஜி இறந்த பிறகு அவனுக்குக் குரல்கூட உயர்வதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

போபோடி சந்தில் முதல் மருந்துக்கடை இன்னும் ஷட்டர் தூக்கவில்லை. சிக்னல் பக்கத்துக் கடைக்காரன் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நஹி ஹை பையா. கல் ஆயேகா." நாளைக்குத்தான் வருமாம். வசந்தகுமார் திரும்பி வேகமாக நடந்தான். பிறகு ஓடினான். வீடு பூட்டியிருந்தது. அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டாள்.

நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சபையை நோக்கி நடந்தான்.

ராஜி கோயம்புத்தூர்க்காரி. அவனோடு பாணேரில் ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை. ஞானஸ்நானம் எடுத்தால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றாள் நேசமணி. ராஜி எடுத்தாள். சபையில் ராகேல் என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு, தினம் மாத்திரை உண்டு. அங்கேதான் சிக்கல். மருந்து எடுக்கிறவர்களுக்கு அந்தச் சபையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. சுகம் தருகிறவர் கர்த்தர், அவரை நம்பாதவர் எப்படி அவர் பந்தியில் கை நீட்டலாம் என்பார்கள். யாரையும் வெளியே தள்ளமாட்டார்கள். கடைசி வரிசையில் உட்காரவைப்பார்கள். தட்டு அதற்கு முந்தின வரிசையோடு திரும்பிவிடும். அப்பம் எடுக்கும் பெண்களுக்குத்தான் வெள்ளைச் சேலை.

சபை கூடும் கூடம் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது. கடைசி பெஞ்சு படிக்கட்டு வாசலை ஒட்டியது. வாரம் முழுக்க ஏறும் கோதுமை மாவு அதில் படிந்துகிடக்கும். ராஜியின் நீலச் சேலையிலும் பச்சைச் சேலையிலும் பின்பக்கம் அந்த மாவு அப்பியிருக்கும். எந்த வரிசையில் இருந்துவிட்டு வருகிறாள் என்று தெருவே படித்துவிடலாம்.

"தட்டிட்டு வரப்படாதாளா? பாக்கவன்லாம் சிரிக்கான்" என்பாள் நேசமணி.

"சிரிக்கட்டும் அத்தை. சப்பாத்திக்கு மாவு வாங்கிட்டு வர்றேன்னு நெனச்சுக்குவாங்க" என்பாள் ராஜி. அவனிடம் தனியாக வேறு சொன்னாள்: "பாட்டுல கிருபை இலவசம்ங்கறாங்க. பந்தில மட்டும் ரூல்ஸ் பேசறாங்க, வசந்த்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்கு அந்தத் துண்டு அப்பம் வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டாள். ஒரே ஒரு முறை வெள்ளைச் சேலை கட்டி, முன்னால் உட்கார்ந்து, அப்பம் வாங்கினாள். அடுத்த பந்தி வருவதற்குள் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். முகம் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் இருந்தது. கதவைத் தட்டித் திறக்காதபோது நேசமணி முதலில் பாஸ்டருக்குத்தான் போன் செய்தாள்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெனினாவுக்கும் வலிப்பு வந்தது.

வசந்தகுமார் படியேறியபோது பாட்டு முடிந்திருந்தது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். கடைசி வரிசையில், ராஜி உட்காரும் இடத்துக்கு நேராக ஆண்கள் பக்கம் உட்கார்ந்தான். முன்வரிசையில் அம்மாவின் வெள்ளை முக்காடும் பெனினாவின் வெள்ளை ரிப்பனும் தெரிந்தன. பையை அம்மா நெஞ்சோடு அணைத்திருந்தாள். மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது.

பாஸ்டர் ஜெகதீசன் காலை இழுத்து இழுத்து மேடைக்கு வந்தார். பைக்கில் விழுந்து கால் முறிந்தபோது ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் பாயில் கிடந்து எழுந்தவர். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ளாத மனிதர். அதுதான் கஷ்டம். அயோக்கியனாக இருந்தால் ராஜியே அவரை நம்பியிருக்கமாட்டாள்.

"கிருபை ஒரு கதவு. கீழ்ப்படிதல்தான் சாவி" என்றார் பாஸ்டர். "நம்ம ராகேல் சகோதரி அந்தச் சாவிய கைல புடிச்சிக்கிட்டே போனாங்க. சாகும்வரைக்கும் கீழ்ப்படிஞ்சாங்க."

"ஸ்தோத்திரம்" என்றது கூடம்.

கதவை உடைத்தபோது அவள் கையில் இருந்தது தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் மக்கு. வசந்தகுமார்தான் விரல்களைப் பிரித்து எடுத்தான்.

பாஸ்டர் எண்ணெய்ச் சிமிழோடு முன்வரிசைக்கு இறங்கினார். "மருந்த நிறுத்தியாச்சாம்மா?"

நேசமணி பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"தவா பாட்டி பேக்ல இருக்கு" என்றாள் பெனினா. பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

பாஸ்டரும் புன்னகைத்தார். "பைல இருந்தா பரவால்ல. வாய்க்குள்ள போகாம இருந்தா சரி."

பெனினா தலையை அண்ணாந்து விசிறியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் இமைக்கவில்லை. சும்மா பார்க்கிறாளா, இல்லை அப்படித்தான் தொடங்குமா என்று வசந்தகுமாருக்குத் தெரியவில்லை. நேசமணிக்கும் தெரியவில்லை. அவள் பிள்ளையின் கன்னத்தைத் திருப்பி, "ஏளா, பாட்டியப் பாரு" என்றாள். பெனினா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குள் வசந்தகுமார் எழுந்துவிட்டான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இருந்த வழியில் நடந்து போய் அம்மாவின் முன்னால் நின்றான். கையை நீட்டினான்.

"போல, ஒம் எடத்துக்கு" என்றாள் நேசமணி மெதுவாக.

அவன் கையை மடக்கவில்லை.

"வசந்து." அவள் குரல் அவனுக்கு மட்டும் கேட்டது. "புள்ளைக்கு இதக் குடுக்கலாம்னா, அவளுக்கும் குடுத்திருக்கலாம்லா. அப்ப ராஜி சும்மால செத்தான்னு ஆவும்."

"ஆமாம்மா" என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். திட்டுவான் என்று எதிர்பார்த்திருப்பாள். அழுவான் என்றாவது எதிர்பார்த்திருப்பாள். பிறகு அவள் விரல்கள் ஜிப்பைத் தேடின.

பாட்டிலையும், ஊசியில்லாத அளவுக் குழலையும் எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் மூடியைத் திருகப்போனபோது தடுத்தாள்.

"குலுக்குல. அடில தங்கிரும்."

தினமும் அவன் கொடுப்பதை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான். எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள்.

அவன் குலுக்கினான். நேசமணி பேத்தியை மடியில் சாய்த்து மோவாயைப் பிடித்துக்கொண்டாள். பெனினா விழுங்கினாள், உதட்டை நக்கினாள். அந்தக் கூடத்தில் எதையாவது வாயில் வாங்கினால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஆமென்" என்றாள்.

யாரும் திரும்பச் சொல்லவில்லை.

பாஸ்டர் சிமிழை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "நேசமணியம்மா, இனி நான் அப்பம் தர முடியாது. எனக்கும் வருத்தந்தான். நான் போட்ட சட்டம் இல்ல."

"தெரியும்யா." நேசமணி பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "கிருபை கதவுன்னு நீங்கதானய்யா சொன்னிய. கதவ அவரு தொறந்துதான வச்சிருக்காரு. சாவி கேக்கது யாரு?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு, வெள்ளைச் சேலைகள் ஒதுங்கி வழிவிட, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். வசந்தகுமார் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆண்கள் பக்கம் போகச் சொல்லி யாரும் ஜாடை காட்டவில்லை.

தட்டு வந்தது. முந்தின வரிசை வரை வந்து திரும்பியது. நேசமணி அது திரும்பிப் போவதைப் பார்த்தாள். அவள் கை கொஞ்சம் எழும்பி மடியில் விழுந்தது.

"இங்கன மாவு வாடை அடிக்கு" என்றாள்.

"எப்பமும் அடிக்கும்மா."

முடிந்து கீழே இறங்கி மில்லைத் தாண்டி வெயிலுக்கு வந்தார்கள். பெனினா முன்னால் குதித்து ஓடினாள். நேசமணி நின்று முதுகை அவன் பக்கம் திருப்பினாள்.

"பின்னால மாவு அப்பியிருக்கால?"

அவன் பார்த்தான். வெள்ளைச் சேலை. வெள்ளை மாவு.

"ஒண்ணும் தெரியல."

"தெரியாது" என்றாள் நேசமணி. "வெள்ளைல தெரியாது. அந்தப் புள்ள சேலைலதான் தெரிஞ்சிது."

தட்டிவிடாமலே நடந்தாள்.