கவிழ்த்துப் பார்த்தல்

பயிற்சிக்காகப் படகைக் கவிழ்த்ததும் முதலில் குளிர்தான் தெரிந்தது. மூக்கில் ஏரித் தண்ணீர் ஏறி, காது கும்மென்று அடைத்து, எது மேல் எது கீழ் என்று புரியாமல் அவள் கைகளை வீசினாள். பதறாமல் இருந்தால் லைஃப் ஜாக்கெட் தானாகத் தூக்கிவிடும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் பத்து தடவை சொல்லியிருந்தாள். தூக்கத்தான் செய்தது. முகம் வெளியே வந்து ஒரு வாய்க் காற்றை இழுப்பதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. பிறகு இன்னொரு கை. பிறகு ஒரு முழங்கால். அவள் கணவன் அவள்மேல் ஏறிக்கொண்டிருந்தான். தலை மறுபடி உள்ளே போயிற்று. கழுத்துப் பட்டையைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பயிற்சிக்காரிதான் நீந்தி வந்து அவனைப் பின்னாலிருந்து இழுத்துப் பிரித்தாள்.

கரைக்கு வந்ததும் அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு சிரித்தான். "என்னா குளிருப்பா! இவளைத் தூக்கிவிடறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிருச்சு."

பயிற்சிக்காரி படகைக் கரைக்கு இழுத்தாள். கரையிலேயே இருந்த பன்னிரண்டு வயது மகள் கைதட்டினாள்.

காட்டு ஏரிகளில் ஐந்து நாள், ஒரே படகில் மூன்று பேர், போன் சிக்னல் கிடைக்காத இடம். போகப்போகும் அந்தப் பயணத்துக்குத்தான் இந்தப் பயிற்சி; யோசனை அவனுடையது. பஸ் ஓட்டுகிறவன், இருபது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மழையில், மலைப்பாதையில், அவன் ஓட்டினால் அவள் ஜன்னலில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்குவாள். தண்ணீர் என்றாலே அவள் கரையோடு நின்றுவிடுவாள். இருந்தும் சரி என்று தலையாட்டியது, கூட அவன் இருக்கிறான் என்றுதான்.

மறுநாள், அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஃபிரேமுக்கு மூக்குத் தாங்கி பொருத்தும்போது அந்தக் குட்டித் திருகு மூன்று முறை கைநழுவி விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய்ப் பயிற்சிக்காரிக்குப் போன் செய்தாள்.

"அவருக்குத் தெரியவே இல்லீங்க. என்னைக் காப்பாத்தினதா நினைச்சிட்டிருக்காரு."

"பதறினவங்களுக்கு எதிர்ல இருக்கறது ஆளா கட்டையான்னு தெரியாதுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"நான் வச்சுக்கல. ஆனா நடுவுல உக்காரப்போறது என் பொண்ணு."

"அப்போ அவர்கிட்ட நீங்க பேசித்தான் ஆகணும்," என்றாள் பயிற்சிக்காரி.

நான்கு நாள் அவள் அதைப் பற்றி அவனிடம் பேசவில்லை. அவன் குளிக்கப் போனால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தத்துக்கே திடுக்கிட்டாள். பேசினால் அவன் உடைந்துவிடுவானோ என்று ஒரு பயம்; பேசாமலே புறப்பட்டுவிடுவோமோ என்று அதைவிடப் பெரிய பயம். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு மகள் கூடாரம் போட்டுப் பழகினாள். உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, "கரடி வந்தா மட்டும் கூப்பிடுங்க," என்றாள். அவன் தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலில் கயிற்று முடிச்சு போட்டுக்கொண்டிருந்தான். முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்தான், போட்டான், மறுபடி அவிழ்த்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னங்க..."

"தெரியும்," என்றான் நிமிராமல். "உன் தோள்ல முட்டியை ஊன்றினேன்."

அவள் கூடாரத்தின் ஜிப்பைப் பார்த்தாள்; மூடித்தான் இருந்தது.

"அன்னைக்கே தெரியும். என்னமோ சிரிச்சு மழுப்பிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "கண்ணை மூடினா உன் தலை உள்ள போறதுதான் தெரியுது. அந்த எடத்துல பாப்பா இருந்திருந்தா?"

கூடாரத்துக்குள் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"போக வேணாம்னு சொல்லிடலாம்," என்றாள் அவள்.

"சொல்லிடலாம். ஆனா இன்னொரு தடவை கவுத்துப் பாத்துட்டுச் சொல்றேனே. கூட நீ வரணும்னு இல்ல. அந்தப் பயிற்சி குடுக்கற பொண்ணோடயே போறேன்."

அவள் அந்தக் கயிற்றை வாங்கி முடிச்சைப் போட்டாள். "நானே வரேன்," என்றாள் கடைசியில். அதைச் சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ஏரியில் காற்றில்லை. பயிற்சிக்காரி இன்னொரு படகில் பத்தடி தள்ளி நின்றாள். மகள் கரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. இந்தப் படகில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், கணவன் பின்னால். திரும்பினால் படகு ஆடும் என்பதால் அவன் முகத்தைப் பார்க்க வழியில்லை. மூச்சு மட்டும் கேட்டது, படியேறி வந்தவன் விடுகிற மாதிரி.

"விளிம்பைப் பிடிச்சிருக்கேன்," என்றான். "ரெண்டு கையாலயும். விட மாட்டேன்."

"சரிங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்."

கரையிலிருந்து மகள் எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு. ரெண்டு. அவன் எடை ஒரு பக்கம் நகர்ந்தது. வானம் மெதுவாகச் சரிந்தது. மூணு என்பதற்குள் விளிம்பைத் தாண்டிய முதல் தண்ணீர், ஒரு கை அளவுதான், அவள் மடியில் வந்து விழுந்தது.