நாற்பது சாப்பாடும் ஒரு ஸ்பிரிங் கம்பியும்

எனக்குக் கிடைத்த முதல் ஆர்டர்! எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்க வந்திருந்த நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு. பிடித்துப்போனால் மாதம் முழுக்க நான்தான். அன்றைக்குப் பார்த்துத்தானா சிங்க் அடைத்துக்கொள்ள வேண்டும்? பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், முக்கால் மணி நேரம்தான். அதற்குள் அரிசி, காய், மீன் எல்லாம் கழுவியாக வேண்டும்.

"எல்லாம் உங்க மீன் செதில்தான்! வெளிய வச்சு ஆயுங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

அருண்பிரசாத் குனிந்து சிங்க்கைப் பார்த்தார். பாவம், எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். பொங்கலுக்கு எடுத்த நீலக்கட்டச் சட்டையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான் சொன்னதையும் நம்பி, இரண்டு நாள் குவார்ட்டர்ஸ் பின்பக்கமெல்லாம் தேடியவர். பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்றதும், அவருடைய அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பியையே கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

சிங்க் அடியில் பக்கெட்டை வைத்து வளைகுழாயைக் கழற்றினார். சுவருக்குள் போகும் குழாயில் கம்பியை விட்டுக் கைப்பிடியைச் சுற்றினார். இரண்டு முழம் போனதும் நின்றது.

"மாட்டிக்கிச்சு வைஜி!"

"விடாதீங்க, சுத்துங்க!"

பக்கத்து வீட்டு ஷீலா தீதி, "பானி ஆ கயா!" என்று தண்ணீர் வந்துவிட்டதை இந்தியில் கத்தினார். டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நானும் சேர்ந்து கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

வந்துவிட்டது! நுனியில் ஒரு செதில்கூட இல்லை. சேறு அப்பிய துணி. தூசி வடிகட்ட நான் குழாய் வாயில் கட்டி, போன வாரம் கழன்று காணாமல் போனதே, அதுதான்.

வளைகுழாயை மாட்டிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் மளமளவென்று இறங்கியது. குதித்தே விட்டேன்! அவரோ அந்தத் துணியை நிதானமாக அலசினார். நீலக்கட்டம் தெரிந்தது. சட்டைக் கைப்பட்டியின் பொத்தானும் தெரிந்தது.

"இஸ்திரி போடுறப்போ பொசுங்கிடுச்சுங்க..."

"மொதல்ல அரிசியக் கழுவு, வைஜி. நாப்பது பேர் பசியோட வருவாங்க," என்றார்.

பிறகு மீன் கூடையைத் தூக்கி சிங்க்கிலேயே வைத்தார். "இங்கயே ஆயலாம்ல?"

நானே கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.