டீ மாத்திரை

வலக்கையில் டீத் தூக்குவாளி, சட்டைப்பையில் மாத்திரை அட்டை. சீசன் நேரத்தில் போர்மேன் சண்முகவேல் பட்டாசுக் கம்பெனியில் அறை அறையாக இப்படித்தான் வருவார். கந்தக நெடியில் காலையிலிருந்து குனிந்தே இருக்கும் பெண்கள் தம்ளருக்கு ஒரு கையும் தலைவலி மாத்திரைக்கு ஒரு கையும் நீட்டுவார்கள்.

“அண்ணே, எனக்கு ரெண்டு. இன்னைக்கு மண்டை ரெண்டாப் பிளக்கு.”

“ரெண்டு மண்டைன்னா ரெண்டு ஆள் வேலை பாக்கணும், மாரித்தாயி.”

எல்லோரும் சிரிப்பார்கள். பட்டாசு லோடு நேரத்துக்கு லாரியில் கிளம்பிவிடும். அவருக்கு வேண்டியது அதுதான்.

கை நீட்டுபவர்களில் அவர் மனைவி வள்ளித்தாயும் ஒருத்தி. வருடக்கணக்கான தலைவலி அவளுக்கு; பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறும். பிடரி நரம்பை வெட்டிவிட்டால் வலி அடங்கலாம் என்றார் மதுரையில் ஒரு டாக்டர். அறுவைச் சிகிச்சைக்கு முன், “தினமும் ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல” என்றாள் வள்ளித்தாய். சண்முகவேலும் தலையாட்டினார். இருவரும் பொய் சொல்லவில்லை. டீயோடு வருவது அவர்களுக்கு டீதான்.

வெட்டிய இடம் மரத்துப்போனது. சூடிய பூ நழுவினாலும் அவளுக்குத் தெரியாது. இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தில் பூவை மிதித்துக்கொண்டே பூவைத் தேடினாள். வலி மட்டும் சில வாரங்களில் திரும்பி வந்தது.

மறுபடியும் மதுரை. இன்னொரு நரம்பையும் வெட்டிப் பார்க்கலாமா என்று யோசித்த டாக்டர், வெளியே காத்திருக்கச் சொன்னார். சண்முகவேல் டீ வாங்கி வந்தார். பழக்கதோஷம், சட்டைப்பையிலிருந்து மாத்திரையையும் எடுத்துக் கொடுத்தார். அவள் விழுங்கும்போது டாக்டர் கதவைத் திறந்தார். 

“என்னம்மா அது?”

“டீ மாத்திரை, டாக்டர்.”

“எதுவும் சாப்பிடலைன்னு சொன்னீங்களே?”

“இது மருந்தில்லையே. டீயோட இவுக எல்லாருக்கும் குடுக்கதுதான்.”

டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “தலைவலி மாத்திரையைத் தினமும் போட்டா அதுவே தலைவலியைக் கொண்டுவரும்மா. தெரிஞ்சிருந்தா மொதல்ல அதை நிறுத்தப் பார்த்திருப்பேன். கத்தி எடுத்திருக்க மாட்டேன்.” பிறகு, “நானும் துருவிக் கேட்கலை” என்றார்.

“வெட்டுன நரம்பு?” என்றார் சண்முகவேல்.

“அது இனித் திரும்பாது” என்றார் டாக்டர். புருஷனும் பெண்சாதியும் ஊருக்கு, திருத்தங்கலுக்கு, பஸ் ஏறினார்கள்.

மறுநாள் அவர் தூக்கை மட்டும் கொண்டுவந்தார்.

“மாத்திரை எங்கண்ணே?”

“இல்ல. டாக்டரப் போய்ப் பாருங்க.”

“நல்லாருக்கே! பொண்டாட்டிக்கு மதுரை, எங்களுக்கு வெறும் டீயா? லோடு போக வேண்டாமா?” என்றாள் மாரித்தாய். அது அவர் தினமும் சொல்லும் வார்த்தை.

வள்ளித்தாய் எழுந்து வந்தாள். மாரித்தாயின் கையைப் பிடித்துத் தன் பிடரியில் வைத்தாள்.

“கிள்ளு. நல்லாக் கிள்ளு.”

மாரித்தாய் தயங்கித் தயங்கி, பிறகு நகம் பதியக் கிள்ளினாள்.

“கிள்ளிட்டியா?” என்று கேட்டாள் வள்ளித்தாய்.

மாரித்தாய் கையை இழுத்துக்கொண்டாள். வள்ளித்தாய் கணவன் பக்கம் திரும்பினாள்.

“வலிக்குன்னு சொன்னவள உக்கார வச்சு என்னன்னு கேட்டிருக்கணும். நீங்க மாத்திரையக் குடுத்து வேலை வாங்குனீக. நாங்களும் கைய நீட்டுனோம். வலியோட வாயப் பொத்துனா லோடு போயிரும். ஆளு மிஞ்ச மாட்டா.”