பையில் இரண்டு ஃப்யூஸ்

ராலிட்சாவின் பள்ளி முடிப்பு விருந்துக்கு இன்னும் நான்கே நாள். அன்று மாலை உற்றார் உறவினரெல்லாம் முற்றத்தில் கூடி நிற்க, பெண் நீள கவுன் போட்டுப் படியிறங்கி வர வேண்டும். பல்கேரியாவின் அசெனோவ்கிராதில் கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்துவிடுவார்கள். ஆனால் அந்த வீட்டுப் படிக்கட்டின் திருப்பத்தில் பட்டப்பகலிலேயே இருட்டு. மூன்று மாதம் பார்த்துப் பார்த்துத் தைத்த உடுப்பு இருட்டுக்குள் இறங்கி வருவதா? அம்மா ஸ்லாதினாவுக்கு மனசு ஆறவில்லை. அங்கே ஒரு விளக்கு போட்டே தீருவது என்றாள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது அந்த ஊர் ஆண்களுக்கு மானப் பிரச்சினை. அவள் கணவன் ராங்கெலுக்குத் தன் கை தங்கக் கை என்று நினைப்பு. அந்தக் கை தொட்ட குழாய் மூன்று வருடமாகச் சொட்டிக்கொண்டிருப்பது வேறு கதை. ஸ்லாதினா பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலையில் சுவிட்ச்போர்டு கட்டுகிறவள். வீட்டில் அதை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டாள். பிறகு தங்கள் மாடியின் பீங்கான் ஃப்யூஸைத் திருகி எடுத்து ஏப்ரன் பையில் போட்டாள். கம்பியில் கை வைக்கிறவர் பையில்தான் ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்பது அவள் தொழிற்சாலைச் சட்டம். படிக்கட்டுச் சுவரிலிருந்த வயர் பெட்டியைத் திறந்து டெஸ்டரை வைத்தாள். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. வீடெல்லாம் கரண்ட் இல்லை, பெட்டியில் மட்டும் இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டைக் கட்டிய மாமனார் படிக்கட்டு லைனை மேல்மாடியிலிருந்து இழுத்திருக்கிறார். மேல்மாடியில் ராங்கெலின் அண்ணன் மாரின் குடியிருந்தார். அப்பா வைத்த அக்ரூட் மரத்தை வெட்டிவிட்டு அவர் கார் ஷெட் போட்ட நாளிலிருந்து, ஆறு வருடமாக அண்ணன் தம்பி பேச்சில்லை.

"செருப்பு ரப்பர்தான். கீழ பலகை போட்டுக்கறேன். அப்பா இப்படித்தான் பண்ணுவாரு," என்று ராங்கெல் ஸ்க்ரூடிரைவரோடு ஏணியில் காலை வைத்தான்.

"உங்கப்பாவுக்கு நேரம் நல்லா இருந்துச்சு. அதை நம்பி எம்பொண்ணை அப்பா இல்லாம படியிறக்க முடியாது. மேல போய்க் கேளுங்க."

"அவன் வாசல்லயா? நானா?"

அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். ஸ்லாதினா ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டு தானே மேலே போனாள்.

மாரின் கதவைத் திறந்ததும் தம்பி ஏன் வரவில்லை என்றுதான் கேட்டார். கரண்ட் ஓடும் பெட்டியில் கை வைக்க ஏணிமேல் நிற்கிறார் என்றாள். மனிதர் மறுபேச்சில்லாமல் ஃப்யூஸைத் திருகி எடுத்தார். அது தன்னிடமே இருக்கட்டும், யாரும் தொட மாட்டார்கள் என்றார்.

"என் பையில இருக்கணும், அத்தான்."

"என்னை நம்பலையா நீ?"

"எங்கம்மா மேல குடியிருந்தாலும் வாங்கிட்டுத்தான் போவேன்."

மாரின் ஃப்யூஸைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே இறங்கி வந்தார்.

மறுபடி டெஸ்டர் வைத்தாள். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தாள், எதிலும் எரியவில்லை. ஏணியின் ஒரு காலைத் தம்பி பிடித்தான், மறுகாலை அண்ணன் பிடித்தார். இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். அவள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு இணைப்பை வெளியே இழுத்துக் காட்டியபோதுதான் இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அலுமினியக் கம்பியோடு செம்புக் கம்பியை வெறுங்கையால் முறுக்கி வைத்திருந்தார் மாமனார். முறுக்கு கருகி, மேலுறை அப்பளமாகப் பொரிந்திருந்தது.

"பத்திக்கிட்டிருந்தா முதல்ல எங்கதவுதான்," என்றார் மாரின்.

"பெட்டிக்குப் பக்கத்துல இருக்கறது எங்கதவு," என்றான் ராங்கெல்.

ஆறு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சும் சண்டைதான். ஸ்லாதினா கண்டுகொள்ளவில்லை. கருகியதையெல்லாம் வெட்டி எறிந்தாள். செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடாதபடி, இரண்டுக்கும் ஏற்ற கனெக்டரில் தனித்தனியே வைத்துத் திருகினாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். பழைய லைனில் எர்த் கிடையாது என்பதால் பிளாஸ்டிக் உடம்பு விளக்காகவே வாங்கியிருந்தாள். அதை மாட்டிப் பெட்டியை மூடினாள்.

இறங்கி வந்து தங்கள் ஃப்யூஸை மாட்டிவிட்டு, பையிலிருந்து மாரினின் ஃப்யூஸை எடுத்தாள். மாரின் கை நீட்டினார். அவள் அதைக் கணவன் கையில் வைத்தாள்.

"நீங்க போய் மாட்டுங்க."

ராங்கெல் ஃப்யூஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அண்ணனுக்குப் பின்னால் படியேறினான். விளக்கு உடனே எரிந்தது. ராங்கெல் இறங்கி வரத்தான் ஒரு மணி நேரமாயிற்று. வாயில் ரகியாச் சாராய வாசனை அடித்தது.

விருந்தன்று ராலிட்சா அந்தத் திருப்பத்தில் வந்து நின்றபோது உடுப்பின் ஒவ்வொரு மணியும் மின்னியது. முற்றமே கை தட்டியது. கை தட்டாதவர் மாரின் ஒருவர்தான். அவர் விரலை மேலே நீட்டிப் பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணைப் பாத்தாச்சில்ல? இப்ப அந்த விளக்கைப் பாருங்க. எங்க வீட்டு மருமக போட்டது."

பெண்ணைப் பெற்ற அன்றுகூட ஸ்லாதினா இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.