ஒரு தட்டுத் துணி

ஹரிதாஸ் வீட்டு முன்வாசலிலிருந்து பின்கதவு வரை பதினான்கு எட்டு. நடமாட்டக் கட்டுப்பாடு வந்த முதல் வாரத்திலேயே எண்ணி முடித்துவிட்டான். இரண்டாம் வாரம் குறுக்காக நடந்து பார்த்தான். மூன்றாம் வாரத்தில் எண்ணுவதை நிறுத்தினான், நடப்பதை நிறுத்தவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் பாதி ஆட்கள் போதும் என்று மேனேஜர் சொல்லி, இவன் முறை வர இன்னும் பத்து நாள் கிடந்தது. சும்மா இரு என்றால் யாருக்கும் கசக்காதுதான். ஆனால் எப்படிச் சும்மா இருப்பது என்று ஹரிதாசுக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. கோப்பி கலக்குவான், ஆறவிடுவான், கீழே ஊற்றுவான், மறுபடி கலக்குவான். சாயங்காலம் டிவியில் எத்தனை பேருக்குத் தொற்று என்று சொல்வதை நின்றுகொண்டே கேட்பான். உட்கார்ந்து கேட்டால் எண்ணிக்கை கூடிவிடும் என்பது போல.

அவனை இப்படி ஆட்டிவைத்தது கிருமி இல்லை. அவன் மனைவி யோகேஸ்வரி வீட்டில் இல்லை, அதுதான். அதே மலையில் திரிங்காப் என்ற ஊரில் அம்மா வீட்டில் இருந்தாள். ஒன்பது கிலோமீட்டர் தூரம். காரில் போனால் ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம்.

மார்ச் மாதம் அக்காள் மகளுக்கு அம்மா வீட்டில் காது குத்து என்று போனாள். இவனும் வர வேண்டியது. "உங்க வீட்டு விசேஷத்துக்கு ஒரு முடிவே இல்லலா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். அங்கே போனதும் அவள் போன் போட்டு, எல்லாரும் உங்களைக் கேக்குறாங்க, எனக்கு வெக்கமா இருக்கு என்றாள். இவனுக்கு ஏறிவிட்டது. "அப்படின்னா அங்கயே இரு" என்று வைத்துவிட்டான். மறுநாள் சாயங்காலமே அரசாங்கம் நாடு முழுக்க எல்லாரையும் அங்கங்கேயே இருக்கச் சொல்லிவிட்டது. கோபத்தில் சொன்னதைச் சட்டமாக்கித் தர இப்படி ஓர் அரசாங்கம் யாருக்குக் கிடைக்கும்?

அமலுக்கு வர ஒரு நாள் இடைவெளி இருந்தது. அந்த ஒரு நாளில் அவள் பஸ் பிடித்து வந்திருக்கலாம், இவன் போய்க் கூட்டி வந்திருக்கலாம். விசேஷத்துக்குத்தானே போனாள், முடிந்ததும் வரட்டும் என்று இவன் இருந்தான். அங்கயே இரு என்று சொன்னவர் வந்து கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். புருஷன் வாசலில் வந்து நின்று வா என்று கூப்பிடாமல் பெண் தானாகத் திரும்பிப் போவது அவர்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. போனில் கூப்பிட்டால் கணக்கில் சேராது. இது ஹரிதாசுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாளைக் கோட்டை விட்டான்.

பிறகு போனில் தினம் நாலு வார்த்தை. சாப்டிங்களா, சாப்டேன், அங்க மழையா, இங்கயும் மழைதான். கட்டுப்பாட்டை இன்னும் இரண்டு வாரம் நீட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். "இங்க காலையில குளிரு தாங்கல. அம்மா சுவெட்டரத்தான் போட்டுக்கிட்டுத் திரியிறேன்" என்றாள். குரலில் ஒரு இளக்கம் இருந்தது. வந்து கூட்டிப் போங்களேன் என்பதை ஒரு மனைவி வேறு எப்படித்தான் சொல்வாள்?

ஹரிதாசுக்கு அந்த இளக்கம் நன்றாகவே கேட்டது. கேட்டதில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அலமாரியைத் திறந்தான். நடுத்தட்டு முழுக்க அவள் துணி. எது கம்பளி, எது பருத்தி, எதை எதோடு போடுவாள் என்று இவனுக்கு என்ன தெரியும். ஒன்று விட்டுப் போனால் கேட்டு வாங்கக் கூச்சப்படுவாளே என்று தட்டையே வழித்துப் பெரிய பையில் திணித்தான். சுவெட்டர், சேலை, நைட்டி, சீப்பு, பொட்டு அட்டை, குளிரில் தடவும் தைலம், வெள்ளைச் செருப்பு எல்லாம் போயின. ஒன்றையும் மறக்கவில்லை என்று அவனுக்கு அப்படி ஒரு பெருமை. காய்கறி லோரி ஓட்டும் கந்தனுக்கு ரோட்டில் போகவர போலீஸ் கொடுத்த அனுமதிச் சுராட் உண்டு. மறுநாள் காலை எஸ்டேட் முனையில் அவனை நிறுத்திப் பையைக் கொடுத்தான்.

"என்ன அண்ணே, இவ்வளவு கனமா?" என்றான் கந்தன்.

"அண்ணிக்குத்தான். எல்லாத்தையும் வச்சிட்டேன்."

கந்தன் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையை முட்டைக்கோசுக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அன்று சாயங்காலம் யோகேஸ்வரி போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாமியார் நவமணி எடுத்தாள். "பை வந்துச்சு" என்றாள், வைத்துவிட்டாள். ஹரிதாஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்வாசலுக்கும் பின்கதவுக்குமாக நடந்தான். நன்றி சொல்லக்கூட நேரம் இல்லாமல் அப்படி என்ன வேலை அங்கே? நல்லது செய்தவனுக்கு இதுவா மரியாதை? கொஞ்ச நேரம் கோபமாக இருந்தது. கொஞ்ச நேரம் பயமாக இருந்தது. அவளுக்குத் தொற்று வந்து மறைக்கிறார்களோ?

அடுத்த வீட்டு மாரியம்மா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். லைன் வீடுகளுக்கு நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அவளும் கட்டுப்பாட்டால் பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவள். இவன் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், "என்ன தம்பி, தரை தேஞ்சிரும் போல இருக்கே" என்றாள்.

ஹரிதாஸ் சொன்னான். குளிருகிறது என்றாள், துணி அனுப்பினேன், பேச மாட்டேன் என்கிறாள்.

"என்ன துணி அனுப்புன?"

"எல்லாந்தான்க்கா. ஒண்ணு விடல."

மாரியம்மா சட்டியைக் கீழே வைத்தாள். "எல்லாம்னா?"

"அவ தட்டுல இருந்தது எல்லாம்."

"கூறைச் சேலை எங்க வச்சிருந்தா?"

ஹரிதாஸ் யோசித்தான். கல்யாணத்தில் கட்டிய சிவப்புப் பட்டு, அடியில் பழைய வேட்டியில் சுற்றி இருந்தது. அதையும் திணித்தது நினைவுக்கு வந்தது. கெட்டியாக இருக்கிறது, இதுவும் குளிருக்கு ஆகும் என்று அப்போது நினைத்ததும் நினைவுக்கு வந்தது.

"அட கூறு கெட்டவனே" என்றாள் மாரியம்மா. கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம் இருந்தது. "அம்மா வீட்டுல இருக்குற பொம்பளைக்குத் துணிமணியக் கட்டி அனுப்புனா என்னலா அர்த்தம்? வேணாம்னு அனுப்புறதுதான. அதுவும் கூறைச் சேலையோட. அதுவும் ஊரெல்லாம் சுத்துற லோரியில."

ஹரிதாசுக்குக் காது அடைத்துக்கொண்டது. இது அவனுக்குத் தெரியாததா? அவன் பார்க்கவே அவன் சித்தப்பா சித்தியை அப்படித்தான் அனுப்பினார், ஒரு இரும்புப் பெட்டியோடு. சித்தி திரும்பி வரவே இல்லை. தெரிந்த விஷயம்தான். அது தன் கையால் நடக்கும்போதுதான் தெரியாமல் போய்விட்டது. 'எல்லாத்தையும் வச்சிட்டேன்' என்று தன் வாயாலேயே கந்தனிடம் வேறு சொல்லியிருந்தான்.

அதற்குமேல் அவனால் ஒரு நிமிஷம் வீட்டில் இருக்க முடியவில்லை. சட்டையை மாட்டினான், முகக்கவசத்தை மாட்டினான், பழைய புரோட்டான் காரைக் கிளப்பினான். வீட்டுக்கு ஒருவர் சாமான் வாங்கப் போகலாம், பத்து கிலோமீட்டருக்குள் போகலாம். ஒன்பதுதான். சட்டம் இடம் கொடுத்தது.

வழியில் கியா பார்மில் போலீஸ் ரோட் ப்ளோக். ஸ்ட்ராபெரிக் கடைகள் எல்லாம் படுதா போட்டு மூடிக் கிடக்க, நடுரோட்டில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். காய்கறி வாங்க, திரிங்காப்புக்கு என்று ஹரிதாஸ் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொன்னான். காய்கறி உங்கள் பக்கமே உள்ள பிரிஞ்சாங்கிலேயே இருக்கிறதே என்றார் அவர். ஹரிதாசுக்குப் பொய் ஒன்றுக்கு மேல் தெரியாது. என் மனைவி அங்கே இருக்கிறாள், நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், கோபமாக இருக்கிறாள், போகாவிட்டால் வரமாட்டாள் என்று திக்கித் திக்கி உண்மையைச் சொல்லிவிட்டான்.

போலீஸ்காரருக்கு முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. "போங்க" என்றார். "ஆனா ஒரு காரில் ஒரு ஆள்தான். வரும்போதும் அப்படித்தான். இரண்டு பேரைப் பார்த்தேன் என்றால் அபராதம்."

நவமணியின் வீடு ரோட்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அனுப்ப வழியில்லாத கோஸ் ஒரு மூலையில் குவிந்து அழுகிக்கொண்டிருந்தது. ஹரிதாஸ் படியில் கால் வைப்பதற்குள் நவமணி வெளியே வந்தாள். முதுகில் பூச்சிமருந்து பம்பு. யார் வந்தாலும் கிருமி சாக அவள் குளோராக்ஸ் தண்ணீர் அடிக்கிறாள் என்பது திரிங்காப் முழுக்கப் பிரசித்தம்.

"அங்கயே நில்லு ஹரிதாஸ்" என்றாள். பன்னிரண்டு வருஷமாக மாப்பிள்ளை என்று கூப்பிட்ட வாய். ஹரிதாஸ் அந்த இடத்திலேயே நின்றான்.

பை வராந்தா ஓரத்தில் வாய் கட்டியபடி கிடந்தது. மூன்று நாளாக வெயிலிலும் பனியிலும் கிடக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. கிருமிக்குப் பயந்து வெளியே வைத்தார்களா, கோபத்தில் வைத்தார்களா, தெரியவில்லை.

யோகேஸ்வரி அம்மாவின் பச்சை சுவெட்டரோடு வந்து கதவருகே நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா, குடுத்துட்டுப் போக வந்தீங்களா?" என்றாள்.

இடையில் இருபது அடி. முகக்கவசம் வேறு. மெதுவாகப் பேசினால் கேட்காது, கத்தினால் ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும். பக்கத்துத் தோட்டத்தில் களை பிடுங்கியவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். மேலே ரோட்டோரம் தன் லோரியில் கூடை அடுக்கிக்கொண்டிருந்த கந்தன் அதை விட்டுவிட்டு அப்படியே நின்றான். வீட்டுக்குள்ளேயே நாலு வார்த்தை பேசத் தயங்குகிற ஹரிதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"குளிருதுன்னு சொன்ன. அதான் அனுப்பினேன்."

"கூறைச் சேலை குளிருக்கா?"

"கெட்டியா இருந்துச்சு."

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யோகேஸ்வரி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "பையைத் தொறந்ததும் முதல்ல அதுதான் கையில வந்துச்சு. அப்படியே கட்டி வச்சிட்டேன். ரெண்டு நாளு நான் சாப்பிடல, தெரியுமா?"

ஹரிதாஸ் முகக்கவசத்தைக் கீழே இழுத்தான். நவமணி உடனே பம்பைத் தூக்கினாள். தூக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு. "அங்கயே இருன்னு நான் சொன்னது தப்பு" என்று உரக்கச் சொன்னான். "காது குத்துக்கு வராம இருந்ததும் தப்பு. வீட்டுல என்னால இருக்க முடியல யோகேஸ். உக்கார முடியல, படுக்க முடியல. கூப்பிட வந்திருக்கேன். வா."

எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நாளைக் காலைக்குள் அந்தக் கோடியில் உள்ள கோலா தெர்லா வரைக்கும் கந்தன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். அதுகூட அவனுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

யோகேஸ்வரி சுவெட்டர் கையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு, "ஒரு காடியில ஒரு ஆளுதான விடுறாங்க" என்றாள்.

ஹரிதாஸ் சாவியைப் படிக்கட்டுச் சுவரில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். "நீ ஓட்டிக்கிட்டுப் போ. நான் நடந்து வர்றேன்."

அவள் வந்து சாவியை எடுத்தாள். பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டாள். அம்மாவிடம் ஏதோ சொன்னாள், இவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கார் மேட்டில் திணறி ஏறி வளைவில் மறைந்தது. நவமணி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காலடியில் ஒரு பீச்சு பீச்சினாள்.

ஹரிதாஸ் நடந்தான். அவள் வீட்டுக்குத்தான் போகிறாளா? வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எஸ்டேட்டுக்குத் திரும்பாமல் பிரிஞ்சாங்கில் அவள் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டால்? பையும் அவளிடம், காரும் அவளிடம். தூறல் பிடித்தது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தான், அடிக்கத் துணிச்சல் வரவில்லை. அவசரத்தில் வெறும் சட்டையோடு கிளம்பி வந்தது அப்போதுதான் உறைத்தது, பல் கிட்டியது. லோரி ஒன்று தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது. நாலு கிலோமீட்டரில் நாற்பது விதமாக நினைத்து முடித்தான், நல்லதாக ஒன்றுகூட வரவில்லை.

கியா பார்ம் ரோட் ப்ளோக்கில் அதே போலீஸ்காரர் குடையோடு நின்றிருந்தார். நடந்து போகிறவர்களையும் நிறுத்திக் கேட்பார்களே, என்ன சொல்வது என்று ஹரிதாஸ் தடுமாறிக்கொண்டே அருகில் போனான். அவர் கேட்கவே இல்லை. போ போ என்று கையை வீசினார். ஹரிதாஸ் நின்றுவிட்டான். என் கார் இந்தப் பக்கம் போயிற்றா, ஒரு பெண் ஓட்டிக்கொண்டு, என்று கேட்டான்.

"போச்சு, முக்கால் மணிக்கு முன்னால. எங்கேன்னு கேட்டேன், வீட்டுக்குன்னு சொன்னாங்க" என்றார். "பின்னால என் புருஷன் நடந்து வருவார், சுவெட்டர் இல்லாம வந்துட்டார், ரொம்ப நேரம் நிக்க வைக்காதீங்கன்னும் சொன்னாங்க."

ஹரிதாஸ் தலையாட்டினான். மழைத் தண்ணீர் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் துடைக்காமலே திரும்பி, எஸ்டேட்டுக்கு இறங்கும் ரோட்டில் ஓட ஆரம்பித்தான்.